ஹைட்ரில்லாச் சோதனைக்கு எந்த நீர்?

பள்ளி அறிவியல் நூல்களில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்றுவரும் சோதனைகளுள் ஒன்று, ஹைட்ரில்லாவைக் கொண்டு செய்யும் புனல் சோதனை. முகவையில் நீர், அதனுள் ஹைட்ரில்லாக் கிளைகள், அவற்றின்மேல் கவிழ்த்த புனல், புனல் காம்பின்மேல் நீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக் குழாய். இதை வெயிலில் வைத்தால் செடியிலிருந்து குமிழிகள் எழுந்து குழாயின் உச்சியில் சேரும். அந்த வாயுவில் தணல் முனையுள்ள குச்சியைக் காட்டினால் அது சுடர்விட்டு எரியும். ஆகவே ஒளிச்சேர்க்கையில் பிராணவாயு வெளிப்படுகிறது என்று பாடம் முடிகிறது.

நல்ல சோதனைதான். செலவு மிகக் குறைவு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நிகழ்ச்சியைக் குமிழிகளாக எண்ணிப் பார்க்க வைக்கிறது. ஆயினும் அதை நூல்கள் எடுத்துரைக்கும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. 'முகவையில் நீரை எடுத்துக்கொள்' என்கின்றன பல நூல்கள். எந்த நீர் என்று சொல்வதில்லை. சில நூல்கள் குளத்து நீர் என்கின்றன. ஏன் குளத்து நீர் என்று சொல்வதில்லை. வேறு சில, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைச் சேர்க்கச் சொல்கின்றன. சோடா போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்குவதில்லை.

இதில் என்ன பெரிய தவறு என்று நீங்கள் கேட்கலாம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உள்ள ஒரு பள்ளியில் இச்சோதனை நடப்பதாக வைத்துக்கொள்வோம். குளத்துக்கு எங்கே போவது? ஒரு மாணவி வீட்டிலிருந்து கேன் தண்ணீர் கொண்டுவருகிறாள். இன்னொருவன் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கொண்டுவருகிறான். அவன் முகவையில் குமிழிகள் வரிசையாக எழுகின்றன. அவளுடையதில் ஒன்றிரண்டு எழுந்து நின்றுவிடுகின்றன. செடி ஒன்றே, வெயில் ஒன்றே. விளக்கம் நூலில் இல்லை. ஆகவே அவளும் தன் பதிவேட்டில் 'குமிழிகள் தோன்றின' என்று எழுதிவிடுவாள். கண்டதை விட்டுவிட்டு, காண வேண்டியதை எழுதும் பழக்கத்தை ஓர் அறிவியல் சோதனையே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இத்தனைக்கும் இதற்கான விளக்கம் சோதனையின் வரலாற்றிலேயே இருக்கிறது. நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழி விடுவதை விரிவாக ஆராய்ந்து 1779-இல் நூலாக வெளியிட்டவர் டச்சு மருத்துவர் இங்கென்ஹவுஸ். மூன்றே ஆண்டுகளில், 1782-இல், ஜெனீவாவைச் சேர்ந்த செனிபியே அடுத்த படியைக் காட்டினார். காய்ச்சிய நீரில் இலைகள் வாயுவை வெளியிடுவதில்லை. கரியமில வாயு கரைந்த நீரிலோ மிகுதியாக வெளியிடுகின்றன என்றார் அவர். நம் பாடம் இங்கென்ஹவுஸின் குமிழிகளை எடுத்துக்கொண்டது. செனிபியேயின் நீரை மறந்துவிட்டது.

நீரில் கரியமில வாயுவின் கணக்கு என்ன? இன்று காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். இக்காற்றோடு சமநிலை எய்திய நீரில், நம் ஊர் வெப்பத்தில், லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதும் ஏறக்குறைய முக்கால் மில்லிகிராம்தான். எனவே நீரில் இருப்பது காற்றில் இருப்பதைவிட மிகக் குறைவு என்பது சரியன்று. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே இவ்வாயு நீரில் பரவும். இலையை ஒட்டிய நீர்ப்படலத்தில் உள்ளதைச் செடி தின்று தீர்த்தால், அந்த இடத்தை நிரப்ப அடுத்தது எளிதில் வந்து சேர்வதில்லை.

மணலியில் உரத் தொழிற்சாலை, எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையம் என்று புகைபோக்கிகள் நிறைந்த வடசென்னையில் கரியமில வாயுவுக்கா பஞ்சம் என்று தோன்றலாம். புகைபோக்கி விடும் வாயு காற்றில் கலந்து பரவிவிடுகிறது. காற்றில் அதன் அளவு இரு மடங்கானாலும், நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முகவைக்குள் இருக்கும் செடிக்குப் புகைபோக்கியால் பெரிய பயனில்லை.

நீருக்குள் இன்னொரு சேமிப்பு உண்டு. அதுதான் பைகார்பனேட். கரைந்த கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை. எது எவ்வளவு இருக்கும் என்பதை நீரின் பி.எச். எண் தீர்மானிக்கிறது. பி.எச். 6.3 அளவில் இரண்டும் சரிபாதி. பி.எச். 8.3-இல் கரியமில வாயுவாக இருப்பது நூற்றில் ஒரு பங்கே. மற்றது ஏறக்குறைய எல்லாம் பைகார்பனேட். ஹைட்ரில்லாவோ பைகார்பனேட்டையும் எடுத்துப் பயன்படுத்த வல்லது. கரியமில வாயு குறைந்த, வெப்பமும் ஒளியும் மிகுந்த நீரில் அது தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றிக்கொள்கிறது. மீன் தொட்டி வியாபாரத்தின் வழியாக 1950-களில் அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்ற இச்செடி, அங்குள்ள ஏரிகளை அடைத்துக்கொண்டு வளர்ந்ததற்கு இத்திறமையும் ஒரு காரணம். எல்லாச் செடிகளுக்கும் இது கைவராது. மாஸ் வகைகள் பெரும்பாலும் கரைந்த வாயுவை மட்டுமே நம்பி வாழ்பவை.

இப்போது அந்த இரண்டு முகவைகளுக்கும் விளக்கம் கிடைக்கிறது. கேன் தண்ணீர் பெரும்பாலும் எதிர் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கப்பட்டது. அதில் உப்புகளோடு பைகார்பனேட்டும் நீக்கப்பட்டுவிடுகிறது. காற்றிலிருந்து கரையும் அரை மில்லிகிராம்தான் செடிக்கு மிச்சம். ஆழ்குழாய் நீரில் பைகார்பனேட் மிகுதி. மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிட்ட கரியமில வாயுவும் அதில் கரைந்திருக்கும். இறைத்த உடனே பயன்படுத்தினால் குமிழிகள் நன்றாக வரும்; ஒரு நாள் திறந்து வைத்தால் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, குமிழிகள் குறையும். ஆனால் கடலோரக் கிணறுகளில் உவர்ப்பும் இருக்கக்கூடும்; மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது நன்கு அறியப்பட்ட செய்தி. குழாய் நீரும் ஒரே தன்மையது அன்று. ஏரி நீரோடு, 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள ஆலையின் நன்னீராக்கிய கடல்நீரும் வடசென்னைக்கு வருகிறது. குளத்து நீர் சிறந்ததாக இருப்பதற்குக் காரணம், அடியில் மக்கும் பொருள்கள் ஓயாமல் கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருப்பதே.

பாடநூலின் இக்குறை வகுப்பறையோடு நிற்பதில்லை. கொளத்தூர்க் கடைகளில் வண்ண மீனும் நீர்ச்செடியும் வாங்கிவந்து தொட்டி அமைப்பவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். காற்றுப் பம்பின் குமிழிகளே செடிக்குக் கரியமில வாயு தருகின்றன என்று பலர் நம்புகின்றனர். பம்பு செய்வது நீரைக் காற்றோடு சமநிலைக்குக் கொண்டுவருவதுதான். அதாவது அந்த அரை மில்லிகிராமுக்கு. செடிகள் அதற்கும் கீழே குறைத்திருந்தால் பம்பு உதவும். நாம் கூடுதலாகச் சேர்த்திருந்தால் அதை வெளியேற்றிவிடும்.

செடி வளர்ப்போர் பலர் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்வர். இதற்குச் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் இட்டு நொதிக்கவைத்து, வரும் வாயுவைக் குழாய் வழியே தொட்டிக்குள் விடுவது எளிய முறை. புட்டியை ஒருபோதும் இறுக மூடலாகாது, வெடித்துவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமாக உள்ள நீரில், பி.எச். 7 என்றால் கரியமில வாயு ஏறத்தாழ 20 மில்லிகிராம், பி.எச். 8 என்றால் 2 மில்லிகிராமே. இதனால் பி.எச். தாளைக் கொண்டே நிலைமையை ஓரளவு கணிக்கலாம். அளவு மிஞ்சினால் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து திணறும். இரவில் செடிகளும் கரியமில வாயுவை விடுவதால் அப்போது கூடுதல் கவனம் தேவை.

சோதனையை எவ்வாறு திருத்தலாம்? நான்கு முகவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கேன் தண்ணீர். இரண்டாவதில் கேன் தண்ணீரோடு ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. மூன்றாவதில் கேன் தண்ணீரோடு இரண்டு தேக்கரண்டி இனிப்பில்லாத கோலி சோடா. நான்காவதில் உங்கள் வீட்டுக் கிணற்று நீர் அல்லது குழாய் நீர். கோலி சோடாவின் சொந்தக் குமிழிகள் அடங்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரே நீளமுள்ள கிளைகளை இட்டு, ஒரே வெயிலில் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரை ஒப்பீட்டுக்கு வைப்பதைவிட இது நல்லது. காய்ச்சும்போது பிராணவாயுவும் வெளியேறிவிடுவதால், செடி விடும் வாயு குமிழியாகாமல் நீரிலேயே கரைந்துவிடலாம்; அப்போது எது காரணம் என்று பிரித்தறிய முடியாது.

இவ்வளவையும் பாடநூல் சொல்ல வேண்டியதில்லை. 'எந்த நீரைப் பயன்படுத்தினாய் என்று எழுது; குமிழி வராவிட்டால் அதையும் எழுது' என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். கேன் தண்ணீர் கொண்டுவந்த மாணவி தான் கண்டதை அஞ்சாமல் எழுதுவாள். அவள் பதிவேட்டில் இருக்கும் அந்த 'வரவில்லை' என்ற சொல், ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு இன்றியமையாதது என்பதற்கு நல்லதொரு சான்றாகும்.