அம்மை போகிற வழியில் எங்கள் ஊர்

ஓணத்துக்குத் திருவனந்தபுரம் முழுக்க விளக்குப் போடுவார்கள், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நவராத்திரி வாரம் இருக்கிறதே, அதற்கு எதுவும் ஈடில்லை! பாறசாலைக்காரி சொல்கிறேன், நம்புங்கள்.

எங்களுக்கு நவராத்திரி நகரத்தில் தொடங்குவதில்லை, வாசலில் தொடங்குகிறது. பத்மநாபபுரத்து சரஸ்வதி அம்மை யானைமேல் திருவனந்தபுரத்துக்கு வருவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில், நடுவில் எங்கள் ரோடு. களியக்காவிளையில் போலீஸ் மரியாதையோடு வரவேற்பு. 1956இல் பத்மநாபபுரம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, கொலுவிருக்கும் மண்டபமோ கேரளத்தில். வீடு ஒரு மாநிலம், விருந்து இன்னொரு மாநிலம்! தட்டத்தில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு நிற்கும்போது யானையின் மணியோசை தூரத்தில் கேட்கும். அந்த நொடியிலேயே எனக்கு லீவு மனசு வந்துவிடும்.

அப்புறம் தினமும் ஓட்டம்தான். மத்தியானமே சித்தியும் நானும் பாசஞ்சர் ஏறிவிடுவோம். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பட்டுச்சேலைகள் கூடிக்கொண்டே வரும். ஆரியசாலையில் குமாரசுவாமி, செந்திட்டையில் நங்கை, இருவரையும் கும்பிட்டுவிட்டுக் கரமனை அக்கிரகாரத்தில் கொலு பார்ப்போம். எத்தனை வீடு, எத்தனை சுண்டல்! கணக்கு வைப்பது பாவம்.

எல்லாம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போகும் வரைதான். அம்மை முன்னால் கச்சேரி, ஒவ்வொரு நாளும் சுவாதித் திருநாள் கீர்த்தனை ஒன்று, ராகமும் முன்பே முடிவானது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி. நாலாம் நாள் தோடி என்றால் சித்தி காலையிலிருந்தே யாரிடமும் பேசமாட்டாள். கைதட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். முதல் தடவை நான் மறந்து கையைத் தூக்கிவிட்டேன். "கைய மடியில வச்சுக்க மக்களே, அம்மை கேக்குதா இல்ல?" என்றாள் சித்தி. தட்டாமல் அடக்கிய சந்தோஷம் வீடு வரை கூட வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. இந்த மண்டபத்தில் வெகுகாலம் பெண்கள் பாடியதே இல்லை. 2006இல் முதன்முதலாக ஒரு பெண் உட்கார்ந்து பாடினார். யார் தெரியுமா? எங்கள் பாறசாலை பொன்னம்மாள்! எண்பதைத் தாண்டிய வயதில்! 2021இல் அவர் மறைந்த பிறகும், சாவேரி நாளோ பைரவி நாளோ, மண்டபத்துக்குள் நுழையும்போது சித்தி அவர் பேரை ஒரு தடவை முணுமுணுப்பாள்.

எட்டரை மணிக்கு வெளியே வந்தால் பசி. பால்பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் வாருங்கள், வேறென்ன சொல்ல! தம்பானூரில் பஸ் பிடித்து நின்றுகொண்டே ஊர் திரும்பி, விடிந்ததும் மறுபடி சேலைக்கு இஸ்திரி.

விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரையில் பூஜப்புரைக்குப் பள்ளிவேட்டைக்குப் புறப்படுவார். அந்தக் கூட்டத்தில் சித்தியைத் தொலைத்து, குதிரையைத் தேடிப்போய் அதன் பக்கத்திலேயே கண்டுபிடித்தேன்.

அப்புறம் ஒருநாள் நல்லிருப்பு, அதாவது ஓய்வு. மூவரும் அதே ரோடு வழியே திரும்புவார்கள். இன்னொரு தட்டத்துக்குப் பழம் வாங்கியாகிவிட்டது.