கல்லறை இல்லாத வீரமகள்

விடுதலைப் போர்களின் வரலாற்றிலே பெண்ணுக்கு வழங்கப்படும் இடம் பெரும்பாலும் புகழுரையின் இடமேயாகும். தியாகி எனப் போற்றியதும் அவளைப் பற்றிய வினாக்கள் முடிந்துவிடுகின்றன. அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 2002 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘கல்லறையில்லாப் பெண்’ என்னும் நாவல் இம்மரபுக்கு மாறான நெறியிற் செல்வது.

நாவலின் தலைவி சுலைக்கா கற்பனை மாந்தரல்லர். 1830 முதல் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியா, 1954 இலிருந்து 1962 வரை விடுதலைக்காகப் போராடியது. அப்போரிலே செர்செல் நகரத்துப் பெண்களை ஒன்றுதிரட்டி, மலைகளில் மறைந்திருந்த போராளிகளுக்குப் பணமும் மருந்தும் அனுப்பியவர் சுலைக்கா. 1957 இற் பிரெஞ்சுப் படையினரிடம் அகப்பட்டு மீளாதவர். அவரது கதையை ஆசிரியர் நிகழ்ச்சி வரிசையிற் கூறவில்லை. புதல்வியர் இருவரும் தாயை அறிந்த முதிய பெண்களும் தத்தம் நினைவுகளை எடுத்துரைக்க, அவற்றின் இடையே இறந்துபோன சுலைக்காவே இளைய மகள் மினாவை விளித்து நான்கு முறை பேசுகிறார்.

இவ்வமைப்பின் பயன் பெரிது. 1966 இல் வெளிவந்த ‘அல்ஜியர்ஸ் போர்’ என்னும் புகழ்பெற்ற திரைப்படத்திலே பெண்கள் குண்டுகளைச் சுமந்து செல்கின்றனர். அவர்கள் பேசுவதோ மிகச் சிறிது. செயல் அவர்களுடையது, விளக்கம் ஆடவருடையது. ஜெபார் அவ்விளக்கத்தைப் பெண்களிடமே ஒப்படைக்கிறார். அதனால், தாயின் உடலைத் தேடியலையும் மூத்த மகள் ஹனியாவின் துயரமும் போரின் வரலாறாகின்றது. மாண்டவர் ஒருமுறை கொடுத்த விலையோடு, எஞ்சியோர் ஆண்டுதோறும் கொடுக்கும் விலையும் கணக்கிற் சேர்கின்றது.

நாவலிற் குறையும் உண்டு. முதியோரும் இளையோரும் பல இடங்களில் ஏறக்குறைய ஒரே செம்மை நடையிற் பேசுகின்றனர். தாய்மொழியில் வாழ்ந்த நினைவுகளை ஆண்ட இனத்தின் மொழியில் எழுதும்போது நேரும் இழப்பாக இதனைக் கொள்ளலாம்.

ஆயினும், இத்தகைய நூலொன்றின் தேவையை அல்ஜீரிய வரலாறே உணர்த்தும். பெண்களும் போராடிப் பெற்ற அந்நாட்டிலே, 1984 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் மணம் புரியும் பெண்ணை ஆண் காவலரின் பொறுப்பில் வைத்தது. பலதார மணத்தையும் ஏற்றுக்கொண்டது. தியாகத்தைப் போற்றிய அரசு உரிமையிற் சமத்துவம் வழங்கவில்லை. போற்றப்படுபவரின் சொல் கேட்கப்படாவிடின், அவர் எதற்காகப் போராடினார் என்பதும் எளிதில் மறக்கப்படும். சுலைக்காவுக்கு மீண்டும் குரல் கொடுத்தமையே இந்நாவலின் இலக்கியப் பெருமை எனலாம்.