குழிக்குள் இறங்காத பெட்டி

நான் இருப்பது பீஷானில். பள்ளிக்கூடக் காலத்தில் இந்த எம்ஆர்டி நிலையத்தைப் பற்றி ஒரு பேய்க்கதையாவது தெரியாத பையன் கிடையாது. கடைசி ரயிலில் தலையில்லாத ஆள் ஏறுவார் என்று ஒருத்தன் சொன்னால், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிலர் நடந்துபோனதைத் தன் மாமாவே பார்த்ததாக இன்னொருத்தன் சொல்வான். இந்தக் கதைகளுக்கெல்லாம் காரணம் சாதாரணமானது. பீஷான், பெக் சான் தெங் என்ற பழைய சீன இடுகாட்டின் மேல் எழுந்த நகர். 1980களில் கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு வீவக புளோக்குகளைக் கட்டினார்கள். 1987 நவம்பரில் எம்ஆர்டி ஓடத் தொடங்கியபோது திறந்த முதல் ஐந்து நிலையங்களில் பீஷானும் ஒன்று.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் ஒரு நாடகம். போன மாதம் என் வீட்டில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசித்தோம். குவோ பாவ் குன் 1984இல் எழுதிய ‘தி காஃபின் இஸ் டூ பிக் ஃபார் தி ஹோல்’. குழியைவிடப் பெட்டி பெரிது என்று பொருள். ஒரே ஒரு நடிகர் பேசும் சின்ன நாடகம், உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்துவிடலாம். நாங்கள் ஆங்கில மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த தமிழில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் முழுசாக வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கதை இவ்வளவுதான். ஒருவன் தன் தாத்தாவின் இறுதிச் சடங்கைப் பற்றிச் சொல்கிறான். தாத்தாவின் பெட்டி பழைய காலத்துப் பெட்டி. கனமான மரம், பிரம்மாண்டமான அளவு. ஊர்வலம் இடுகாட்டுக்கு வந்துசேர்கிறது. பெட்டியை இறக்கப் பார்த்தால் குழிக்குள் போகவில்லை. குழி அரசாங்க அளவு. எல்லாருக்கும் ஒரே அளவு. வேறு சின்னப் பெட்டிக்கு மாற்றிவிடலாமே என்ற யோசனைகூட வருகிறது. பேரன் அதிகாரியிடம் போகிறான். பக்கத்து இடத்தையும் சேர்த்துத் தரமுடியாதா என்று கேட்கிறான். ஆளுக்கு ஓர் இடம், அதுவே விதி என்கிறார் அதிகாரி. வாதம் நீள்கிறது. கடைசியில் இந்த ஒருமுறை மட்டும் என்று விலக்கு கிடைக்கிறது. தாத்தா அடக்கமாகிறார். ஆனால் பேரனுக்கு அந்த நாள் கனவாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. பேரனின் குரல் எனக்குச் சரியாக வரவில்லை. துக்கத்தைக் கூட்டினால் சினிமா மாதிரி இருந்தது, குறைத்தால் செய்தி வாசிப்பதுபோல ஆனது. ஆனால் அதிகாரி பேசும் இடம் வந்ததும் குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நிதானமாக, மரியாதையாக, கொஞ்சம் களைப்போடு. “உங்க நிலைமை புரியுது சார், ஆனா…” என்று இழுக்கும் அந்தத் தொனியை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூட்டாளிகள் சிரித்தார்கள். “டேய், நீ அப்படியே ஆபீசர்டா” என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் என்னவோ செய்தது.

இந்த நாடகத்தின் பலம் அதன் வடிவத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பேரனுக்கு ஒரு நடிகர், அதிகாரிக்கு ஒரு நடிகர் என்று எழுதியிருந்தால் இது நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கும் சண்டையாகியிருக்கும். நாமும் வசதியாகப் பேரன் பக்கம் உட்கார்ந்திருப்போம். குவோ இருவரையும் ஒரே உடம்புக்குள் வைத்துவிட்டார். கேட்கிற வாயும் மறுக்கிற வாயும் ஒன்றுதான். நடிப்பவர் ஒரு வரியில் கெஞ்ச வேண்டும், அடுத்த வரியில் தன் கெஞ்சலுக்குத் தானே முடியாது என்று பதில் சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் வளர்ந்தவனுக்கு இது கற்பனையாகத் தெரியாது. ஏதாவது கேட்கப்போகும் முன்பே “இதெல்லாம் அலவ் பண்ண மாட்டாங்க லா” என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறோமே, அந்தக் குரல் யாருடையது? எந்த அதிகாரியும் நம்மிடம் வந்து அப்படிச் சொல்லவில்லை.

குவோவின் வாழ்க்கை தெரிந்தால் இந்த நிதானம் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டார். 1980வரை உள்ளே இருந்தார். இடையில் 1977இல் குடியுரிமை பறிபோனது. அது திரும்பக் கிடைத்தது 1992இல். வேடிக்கை என்னவென்றால், குடியுரிமை திரும்புவதற்கு முன்பே நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவர் வெளியே வந்து நாலு வருடம் கழித்து எழுதிய நாடகத்தில் கோபம் கொப்பளித்திருக்கலாம், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவரோ ஒரு பெட்டியையும் ஒரு குழியையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சிரிக்கவும் வைத்து எழுதினார். சீனத்திலும் ஆங்கிலத்திலும் அவரே எழுதினார்.

அதிகாரியை அவர் வில்லனாக்கவில்லை என்பதும் முக்கியம். அந்த மனிதருக்குத் தன் விதியில் நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. இது சின்னத் தீவு. இங்கே செத்தவர்களும் இடத்துக்குப் போட்டி போட வேண்டும். நாடகம் வந்த பிறகு விதி இன்னும் இறுகியது. 1998இல் வந்த கொள்கைப்படி ஒரு கல்லறை 15 ஆண்டுகள்தான் இருக்கலாம், பிறகு தோண்டிவிடுவார்கள். சுவா சூ காங் இடுகாட்டில் 2007இலிருந்து கான்கிரீட் அறைகளை வரிசையாகப் பதித்து அதற்குள் அடக்கம் செய்கிறார்கள். எல்லாம் ஒரே அளவு. பொறியாளன் என்ற முறையில் எனக்கு அந்த வடிவமைப்பின் அருமை தெரியும். நிலம் மிச்சம், மண் சரியாது, வேலையும் சுத்தம். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் வரைந்து கொடுத்திருப்பேன். வரைபடத்தில் தாத்தா யாரும் இல்லை என்பதைக் கவனித்திருக்க மாட்டேன்.

வாசிப்பு முடிந்ததும் சண்டை வந்தது. எங்களில் ஒருத்தன் அரசியலில் என்னைவிடத் தீவிரமானவன். அவனுக்கு நாடகம் பிடிக்கவில்லை.

“கடைசியில என்ன ஆச்சு? விலக்கு கொடுத்துட்டாங்க. விதி அப்படியே இருக்கு. பார்க்கிறவன் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவான். இது குக்கர் விசில் மாதிரிடா. ஆவி போயிடும், அடுப்பு எரிஞ்சுகிட்டே இருக்கும்.”

அவன் அதோடு விடவில்லை. 1994இல் மன்ற அரங்கு என்ற வடிவத்துக்கு அரசு நிதி நிறுத்தப்பட்டதைச் சொன்னான். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய முறை அது. ஓர் அநியாயத்தை நடித்துக் காட்டுவார்கள். பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி நடித்துப் பார்க்கலாம். யார் எழுவார், என்ன பேசுவார் என்று முன்கூட்டி எழுதித்தர முடியாது. அதுவே பிரச்சினையானது. நிதி திரும்பக் கிடைக்க 2003 ஆனது. தமிழ் நாடகத்தையும் விட்டுவைக்கவில்லை அவன். இளங்கோவனின் ‘தலாக்’ தமிழில் மேடையேறிய நாடகம். 2000இல் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் போட அனுமதி மறுக்கப்பட்டது. “பணிவா எழுதினா விடுவாங்க, பச்சையா எழுதினா விடமாட்டாங்க. நீ பணிவைக் கலைன்னு கொண்டாடுற” என்றான்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் அவன் சொன்னதில் பாதியை மறுக்க முடியவில்லை. பணிவுக்குக் கிடைத்த இடம் கோபத்துக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் குக்கர் விசில் என்பதை ஏற்க முடியாது. விசிலாக இருந்தால் நாடகம் அடக்கத்தோடு முடிந்திருக்கும். பேரன் ஜெயித்துவிட்டான், தாத்தா மண்ணுக்குள் போய்விட்டார், அங்கே திரை விழுந்திருக்கலாம். விழவில்லை. ஜெயித்தவனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. தன்னைச் சுற்றியுள்ள வரிசை வரிசையான ஒரே மாதிரிக் கல்லறைகளைப் பார்க்கிறான். நாளைக்கு நானும் இப்படி ஒன்றில் படுத்தால் என் பேரப்பிள்ளைகள் என்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்ற கவலை அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு விலக்கு கிடைத்தால் பிரச்சினை தீராது என்பதைக் கூட்டாளிக்கு முன்பே குவோ சொல்லிவிட்டார்.

என் குறை வேறு. இந்த நாடகத்தில் மறுத்துப் பேசுகிறவன் பெரிய குடும்பத்துப் பேரன். ஊர்வலத்துக்குக் கூட்டம் இருக்கிறது, ஊர் மெச்சும் பெட்டி இருக்கிறது, அதிகாரியிடம் அவர் மொழியிலேயே வாதிடும் சாமர்த்தியமும் இருக்கிறது. அது எதுவுமே இல்லாதவர் என்ன செய்வார்? அதிகாரியின் வாசல்வரைகூட வராத பாட்டியின் நாடகம் எங்கே?

அதையும் குவோவே எழுதினார் என்பது பிறகு தெரிந்தது. 1988இல் அவர் உருவாக்கிய நாடகத்தில் ஓர் அம்மா தன் பூனையைத் தேடுகிறாள். அவளுக்குத் தெரிந்தது ஹொக்கியன் மட்டும். பிள்ளைகள் மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். தேடி அலைகிற வழியில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாத்தாவைச் சந்திக்கிறாள். அவருக்கும் ஒரு பூனை. இவள் பேசுவது அவருக்குப் புரியாது, அவர் பேசுவது இவளுக்குப் புரியாது. ஆனாலும் கையாலும் முகத்தாலும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஊர் மேடையில் தமிழ் பேசும் பாத்திரம் சும்மா அலங்காரத்துக்கு வந்துபோவதைப் பார்த்துச் சலித்தவர்கள் இந்தக் காட்சியைத் தேடிப் படிக்க வேண்டும். பெட்டி நாடகத்தில் ஒரே மொழி பேசும் இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் படாத பாடு படுகிறார்கள். இங்கே மொழியே இல்லாமல் வேலை நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முதல் நாடகத்தின் குறை நிறைகிறது.

வாசிப்புக்குச் சில வாரம் முன்பு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்கம்பிகளை மாற்றும் வேலைக்காக ஒரு பழைய புளோக்கில் மாடி மாடியாக அளந்துகொண்டு போனேன். தீப்பாதுகாப்பு விதிப்படி பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும். ஒரு வீட்டு வாசலில் துளசித் தொட்டியும் அதைத் தாங்கும் மேடையும் இருந்தன. அளந்தேன், பத்து சென்டிமீட்டர் போல இடித்தது. கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளிருந்து வந்த பாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா வெயில் இங்கதானே வருது.”

“ரூல்ஸ் பாட்டி. நான் என்ன பண்ண முடியும்” என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். நான் சொன்னதில் தப்பில்லை. புகை சூழ்ந்தால் அந்தப் பத்து சென்டிமீட்டர் ஓர் உயிர். ஆனால் அந்த நடைபாதையின் கோடியில், படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், சுவர் உள்வாங்கி இருந்தது. அங்கேயும் வெயில் விழுந்தது. ஒரு தொட்டி வைத்தால் யாருக்கும் இடிக்குமா என்று அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் அளக்கவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது நடைபாதையின் அளவு மட்டும்தான்.

அன்றிரவு அதிகாரியின் குரல் எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். என் கூட்டாளி இன்னும் காரமான நாடகம் வேண்டும் என்கிறான். நியாயம்தான், அதுவும் வரட்டும். எனக்கு இந்த நாடகம் இன்னும் தீரவில்லை. அதைச் சத்தமாக வாசிக்கும் யாரும் கொஞ்ச நேரமாவது அதிகாரியாக இருந்தே ஆகவேண்டும். அப்போது தன் குரலைத் தானே கேட்க நேர்கிறது. அதனால் இதை மேடையில் பார்ப்பதைவிட, நாலு பேர் உட்கார்ந்து ஆளாளுக்கு ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்பேன். யாருக்கு எந்தக் குரல் சுலபமாக வருகிறது என்று கவனியுங்கள்.

அடுத்த வாரம் அந்த புளோக்கில் மறுபடி வேலை இருக்கிறது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முதலில் அந்தக் கோடிக்குத்தான் போகப்போகிறேன். தொட்டி இன்னும் இருக்கிறதா என்று தெரியாது.