கிரிம் சகோதரர் கதைகளில் அச்சமும் அறமும்

மேலைநாட்டு நாடோடிக் கதைகளை நம் பிள்ளைகள் பெரும்பாலும் வண்ணப்படப் புத்தகங்கள் வாயிலாகவும் திரைப்படங்கள் வாயிலாகவுமே அறிகின்றனர். அவற்றில் ஸ்நோ ஒயிட்டும் சிண்டரெல்லாவும் பறவைகளோடு பாடிக் களித்து, இறுதியில் அரசகுமாரனை மணக்கின்றனர். மூலத்தைத் தேடிச் செல்வோர் முதலில் திடுக்கிடுவர். 1937இல் வெளிவந்த டிஸ்னி திரைப்படத்தில் தீய அரசி மலையுச்சியிலிருந்து விழுந்து மாய்கிறாள். கிரிம் சகோதரரின் நூலிலோ, மணவிழாவிற்கு வந்த அவளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்புகள் காத்திருக்கின்றன. உயிர் பிரியுமட்டும் அவற்றை அணிந்து ஆடுகிறாள். இத்தகைய கதைகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறையாமல் வாழ்வது எதனால்? கொடுமையைக் காண மனிதனுக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு என்று கூறி அமைதி கொள்வது எளிது. அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை.

யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் ஆகிய இருவரும் 1812இல் முதல் தொகுதியையும் 1815இல் இரண்டாம் தொகுதியையும் வெளியிட்டனர். முதல் தொகுதி அச்சேறியபோது அவர்கள் வாழ்ந்த காசல் நகரம் நெப்போலியனின் தம்பி ஜெரோமின் ஆட்சியில் இருந்தது. யாக்கோப் அவ்வரசனின் நூலகர். வில்ஹெல்ம் 1814இல் நூலகச் செயலராகப் பணியில் அமர்ந்தார். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் என்போன்றோர்க்கு இச்செய்தி சிறிது தெம்பளிப்பது! கதை கூறியோரில் விடுதிக்காரரின் மகளும் தையற்காரரின் மனைவியுமான டொரோத்தேயா ஃபீமான் புகழ்பெற்றவர். கற்றறிந்த நகரத்துக் குடும்பப் பெண்கள் பலரும் கதைகள் தந்தனர். ஆகவே இவை அனைத்தையும் காட்டுப்புறக் குடியானவரின் வாய்மொழி என்றே கொள்ளுதல் பொருந்தாது.

ஏழாம் பதிப்பு 1857இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வில்ஹெல்ம் செய்த திருத்தங்களே திறனாய்வாளனுக்குப் பெருவிருந்து. 1812ஆம் ஆண்டுப் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சல், தன் ஆடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று கிழவியிடம் வெள்ளையுள்ளத்தோடு கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பது அக்கேள்வியால் வெளிப்படுகிறது. பிந்தைய பதிப்புகளில் அக்கேள்வி மறைந்து, இளவரசனைவிட நீ ஏன் பாரமாக இருக்கிறாய் என்ற அசட்டுக் கேள்வி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இளவரசனின் கண்கள் பறிபோவது அப்படியே நின்றது. சிண்டரெல்லா கதையில் புறாக்கள் தமக்கையரின் கண்களைக் கொத்தும் காட்சியோ முதற்பதிப்பில் இல்லை; 1819இல் புதிதாகச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆசிரியர் பெரோ 1697இல் எழுதிய வடிவில் நாயகி தமக்கையரை மன்னித்து அவர்களுக்கும் மணம் முடித்து வைக்கிறாள். வில்ஹெல்மின் பேனா காமத்திற்கு அஞ்சியது, குருதிக்கு அஞ்சவில்லை.

இவற்றினும் பெரிய மாற்றம் தாயைப் பற்றியது. முதற்பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவர வற்புறுத்துபவளும் பெற்ற தாயே. முன்னதில் 1819லும், பின்னதில் அதற்குப் பல்லாண்டுகள் கழித்தும் தாய் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காக்க எண்ணினார் போலும். அதற்கு விலையாக, மாற்றாந்தாயரெல்லாம் கொடியவர் என்ற பழி மேலும் உறுதிப்பட்டது. கதையும் ஒருபடி கீழிறங்கியது என்பேன். அயலாள் செய்யும் தீமை அச்சந்தரும். அன்னையே கைவிடுதல் உலகமே கவிழ்வதை ஒக்கும். கதை தொட்டது அந்த இரண்டாவது அச்சத்தையே.

ஹான்சல் கதையின் தொடக்கத்தைச் சற்று நின்று நோக்குக. நாட்டில் பஞ்சம். விறகுவெட்டியும் மனைவியும் இரவில் தாழ்ந்த குரலில் பேசுகின்றனர். பசியால் உறங்காத பிள்ளைகள் அதனைக் கேட்டுவிடுகின்றனர். இவ்வளவுதான், அரக்கனும் இல்லை, மந்திரமும் இல்லை. 1770களின் தொடக்கத்திலும் 1816-17லும் ஜெர்மானிய நிலங்களைப் பஞ்சம் வாட்டியது. இக்காட்சியைக் கேட்டவர்க்கு அது கற்பனையாகத் தோன்றியிராது. காட்டின் நடுவே பிள்ளைகள் காணும் வீடு ரொட்டியால் ஆனது. பசித்த பிள்ளை வேறு எத்தகைய மாளிகையைக் கனவு காணும்? அங்குள்ளவளோ பிள்ளைகளையே உணவாகக் காண்கிறாள். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூலில், இக்கதை குழந்தையின் அகத்துள்ள பேராசையையும் தாயைப் பிரியும் அச்சத்தையும் உருவகிப்பதாக விளக்கினார். பிரெஞ்சுக் குடியானவர் கதைகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் 1984இல் இத்தகைய விளக்கங்களை மறுத்து, கதைகளில் வரும் பசி உண்மைப் பசியே என்றார். நான் டார்ன்டன் பக்கமே சாய்கிறேன். வயிற்றை மறந்து மனத்தை மட்டும் ஆராய்வது உண்டு முடித்தவர் செய்யும் காரியம்.

எனினும் பசி நீங்கிய வீடுகளிலும் இக்கதை கேட்கப்படுகிறதே! அதற்குக் காரணம் சொல்லும் முறையில் உள்ளது. பயங்கரத்தை ஒரே வாக்கியத்தில் கூறிக் கதை நகர்ந்துவிடுகிறது. வருணனை இல்லை, புலம்பல் இல்லை. கிரேட்டல் சூனியக்காரியை அடுப்பினுள் தள்ளிக் கதவைத் தாழிடுகிறாள். அதுவரை அழுதுகொண்டே இருந்த சிறுமி அவள். கேட்கும் பிள்ளை அடுப்பின் வெம்மையையா நினைக்கிறது? தாழிட்ட சிறு கையையே நினைக்கிறது.

இத்தொகுப்பில் தலைசிறந்தது ‘ஜூனிப்பர் மரம்’ என்பது என் துணிபு. ஓவியர் ரூங்கெ வட ஜெர்மானிய வட்டார வழக்கில் எழுதித் தந்த கதை அது. மாற்றாந்தாய் சிறுவனைக் கொன்று சமைக்கிறாள். தந்தை அறியாது உண்கிறான். தங்கை எலும்புகளைப் பட்டுத்துணியில் பொதிந்து மரத்தடியில் வைக்கிறாள். அங்கிருந்து எழும் பறவை பாடிப் பாடி ஒரு பொற்சங்கிலியையும் செருப்பையும் எந்திரக்கல்லையும் பெற்று வருகிறது. தந்தைக்குச் சங்கிலி, தங்கைக்குச் செருப்பு, கொன்றவள் தலைமீது கல். பின்னர்ச் சிறுவன் உயிர்பெற, மூவரும் உள்ளே சென்று உணவுண்ண அமர்கின்றனர். எந்தப் பந்தியில் அக்கொடுமை நிகழ்ந்ததோ அதே பந்தி! ஆசிரியர் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஆனால் கொடுமை யாவும் ஒரு தன்மையது அன்று. இரண்டாம் தொகுதியில் ‘முள்ளிடை யூதன்’ என்றொரு கதை உண்டு. மந்திர வயலினால் ஒரு யூதனை முட்புதரில் ஆடவைத்து, அவன் படும் துன்பத்தை நகைத்து, ஈற்றில் தூக்கிலிடவும் செய்கிறது அது. 1857ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது நீக்கப்படவில்லை. 1933க்குப் பின் அந்நாட்டில் யூதர்க்கு நேர்ந்ததை அறிந்த நாம் அதனைப் பழமை என்று பாராட்ட இயலாது. கிரேட்டலின் அடுப்பில் எளியவள் தன்னையும் தமையனையும் காத்துக்கொள்கிறாள். இங்கோ தனியனான ஒருவனைப் பலர் கூடி வதைக்கின்றனர். பழைய கதைகளை நயப்பவர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால் அவர் சுவை ஐயத்திற்குரியது.

முதற்பதிப்புக் கதைகள் முழுவதும் ஜாக் சைப்ஸ் மொழிபெயர்ப்பில் 2014 முதல் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பெற்றோர் முதலில் தாம் படித்துப் பார்ப்பது நன்று. ஹான்சலையும் கிரேட்டலையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அஞ்சாமல் சொல்லலாம். சூனியக்காரியை ஓடவிட வேண்டாம், அடுப்பிலேயே இருக்கட்டும். ‘ஜூனிப்பர் மர’த்திற்குப் பத்து வயதாவது ஆகட்டும். ‘முள்ளிடை யூத’னைப் பிள்ளை தானே எடுத்துப் படித்துவிட்டால், அருகமர்ந்து பேசவேண்டியவர் நாமே.