ஜாவா 250: பளபளப்பை நம்பாதீர்கள், புகையைப் பாருங்கள்

ஐரோப்பிய கிளாசிக் பைக் மேல் ஆசை, ஆனால் ஒரு வாஷருக்காக மாதக்கணக்கில் பார்சலை எதிர்பார்த்துக் கிடக்க முடியாது என்பவர்களுக்கு என் சிபாரிசு ஜாவா 250. ஐம்பதுகளில் செக்கோஸ்லோவாகியாவில் வந்த 353 மாடல்தான் இதன் மூலம். 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்ததால், நம்மூர் பழைய மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி.

இடதுபக்கம் ஒரே லீவர். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். வண்டி ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கம் சாய்த்துவிட்டால் அதுவே கியர். கியரை மிதிக்கும்போதே கிளட்சும் தானாக விடுபடுகிறது. நகர நெரிசலில் இடது கைக்கு வேலையே இல்லை. அறுபதில் போகும்போது அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தத்துக்காகவே ஊரை ஒரு சுற்று சுற்றலாம். அதற்கு மேல் விரட்டாதீர்கள், டிரம் பிரேக் சொன்ன பேச்சு கேட்காது. 6 வோல்ட் ஹெட்லைட்டை நம்பி ராத்திரிப் பயணமும் வேண்டாம்.

வாங்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான். முதலில் புகைவது சகஜம். நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால், இடதுபக்க கிராங்க் சீல் போய் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் குடிக்கிறது என்று அர்த்தம். வலதுபக்க சீல் போனால் புகை வராது. காற்றை இழுத்து, ஐடிலிங் தாறுமாறாக ஏறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் மலிவுதான். ஆனால் வலதுபக்க மூடியைக் கழற்றி, டைனமோ ரோட்டரை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் மெயின் பேரிங் காலி. எஞ்சினைப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பெட்ரோலில் 1:25 கணக்கில், லிட்டருக்கு 40 மி.லி. ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

புது மெரூன் பெயின்ட், கண்ணைப் பறிக்கும் குரோம் என்று நிற்கும் வண்டியைவிட, நிறம் மங்கினாலும் ஒரிஜினல் செயின் கவர் முழுதாக இருக்கும் வண்டிக்கே நான் பணம் கொடுப்பேன். அதுவும் எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனால் மட்டும்.