வெளியாள்: வெண்மணியைச் சுற்றிச் சில பிரதிகள்

போராட்டத்தில் படித்தவனின் இடம் எது என்று நம்மிடையே அவ்வப்போது ஒரு கருத்தரங்கு நடந்துவிடுகிறது. முன்னணியா, துணையா, சாட்சியா என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கேள்வி பொய்யில்லை. ஆனால் வெறும் கோட்பாடாக வைத்துக்கொண்டு பேசினால் எங்கும் போய்ச் சேராது. கீழத்தஞ்சையில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். அங்கே போராட்டத்தின் மொழியில் 'வெளியாள்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. கூலி உயர்வு கேட்டு உள்ளூர் சனங்கள் அறுப்புக்கு இறங்க மறுத்தால், மிராசுதார் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து இறக்குகிற ஆள்தான் வெளியாள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதற்கு முன்னால் இருந்த தகராறுகளில் இதுவும் ஒன்று. அரைப்படி நெல், இறக்கச் சொன்ன செங்கொடி, வெளியாள். ஆகவே அந்த மண்ணுக்குப் போகிற எந்தப் படித்தவனும் முதலில் இந்தச் சொல்லைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. டெல்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் கோபால், அவனைத் தேடி வரும் சிவா. கோபாலின் பிரச்சினையே எங்கே நிற்பது என்பதுதான். அந்தச் சங்கடத்தை நாவல் ஒளிக்கவில்லை, அதற்காக அதை மதிக்கிறேன். இடதுசாரி விமர்சகர்கள் அன்றைக்குச் சண்டை போட்டது வேறொன்றுக்காக: கண்ணையா நாயுடுவின் ஆண்மையின்மையைக் கொடூரத்தின் ஊற்றாக வைத்து, வர்க்கப் பிரச்சினையை ஃப்ராய்டிடம் ஒப்படைத்துவிட்டார் என்பது. நியாயமான குற்றச்சாட்டுதான். என் குறை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தபோது, இத்தனை நிலமும் காரும் வைத்திருக்கிற கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் காரணம் சொன்னது. இப்படிப்பட்டவர் செய்திருக்கமாட்டார் என்கிறது தீர்ப்பு. இப்படிப்பட்டவர் இதைத்தான் செய்வார் என்கிறது நாவல். இரண்டுக்கும் மையம் ஒன்றே: நிலச்சுவான்தாரின் மனசு. எதிரெதிர் முடிவுக்கு வந்தாலும் இரண்டு கதையாடல்களும் ஒரே நாற்காலியைச் சுற்றித்தான் வருகின்றன. குடிசைக்குள் ஓடியவர்கள் இரண்டிலும் எண்ணிக்கையாக மிஞ்சுகிறார்கள். கோபால் நிற்குமிடம் தெரியாமல் தவிப்பதற்கு இதுதான் காரணம் என்று படுகிறது. அவன் பார்வை போகிற திசையில் அவனுக்கு இடமில்லை. இடம் இருக்கிற பக்கம் அவன் பார்க்கவில்லை. தவிரவும், அவனுக்கு டெல்லி அப்படியே இருக்கிறது. ரயில் ஏறினால் போதும்.

ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' மணலூர் மணியம்மையைப் பற்றியது. இலக்கிய நயத்தில் 'குருதிப்புனலு'க்குக் கீழேதான். தகவல்கள் துருத்திக்கொண்டு நிற்கும், பேச்சு சில இடங்களில் பிரசங்கமாகிவிடும். அதனால் என்ன? நம் கேள்விக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது. மணியம்மை பிராமணக் குடும்பத்து இளம் விதவை. காங்கிரஸில் இருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். வேட்டி கட்டி, சட்டை போட்டு, தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு பண்ணையாட்களின் சேரிக்குள் நடந்தவர். அந்தக் கிராப்பைச் சும்மா விசித்திரம் என்று படித்துவிடக் கூடாது. விதவையின் தலைமயிர் மேல் அதிகாரம் யாருடையது என்று அவருடைய சாதி முன்பே எழுதி வைத்திருந்தது. அந்த எழுத்தின் மேல் அவர் தன் எழுத்தை எழுதினார். அக்கிரகாரத்துக்குத் திரும்ப வழியில்லாமல் செய்துகொண்ட பிறகுதான் சேரியில் அவருக்கு வழி கிடைத்தது. போராட்டத்தில் இடம் தேடுவது பற்றிப் பேசுகிற நாம், விட்ட இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. (1953இல் மான் முட்டி அவர் இறந்தார். பின்னால் சதி இருந்தது என்ற சந்தேகம் இன்றுவரை உண்டு. கற்பனையாக எழுதியிருந்தால் எந்த விமர்சகனும் நம்பியிருக்கமாட்டான்.) இந்த நாவலிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சேரி மக்கள் பெரும்பாலும் அவரைச் சுற்றி நிற்பவர்களாகவே இருக்கிறார்கள். வெளியாள் உள்ளே வந்ததும் மையமாகிவிடுகிறார். வாழ்க்கை வரலாற்று வடிவத்தின் விலை இது.

பி. சீனிவாசராவைப் பற்றி இப்படி ஒரு நாவல் இருந்தால் ஒப்பிடலாம். தென் கன்னடத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசியவர், 1940களில் தஞ்சைக்கு வந்து விவசாயிகளைத் திரட்டினார். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்கள் நிமிர்ந்த வரலாற்றில் அவருக்குப் பெரிய பங்கு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த இயக்கம் இருக்கிறது. மொழியே வேறாக இருந்தவர் வெளியாள் ஆகவில்லை, தமிழை வைத்துப் பிழைக்கிற நம்மில் பலர் ஆகிவிடுகிறோம்!

1999இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' அந்த வட்டாரத்துக்காரர் எழுதியது. இடத்தைப் பற்றிய கவலையே அதில் கிடையாது. கூலி, மரக்கால், வரப்பு, அன்றாடப் பேச்சு என்று போகிறது. வெண்மணி நடந்து முப்பது வருஷம் கழித்துத்தான் இப்படி ஒரு நாவல் வந்தது என்பது 'குருதிப்புனலை'த் திட்டியவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னும் எழுதப்படவேண்டிய ஒன்று உண்டு. படுகொலைக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் போன கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேரம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பேரில் பதிந்து கொடுத்தார்கள். எதிரியிடம் விலை கொடுத்து வாங்குவதா என்ற மார்க்சியரின் ஆட்சேபம் லேசானதல்ல. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1990களில் இறால் பண்ணைகள் வந்து கடலோர நிலத்தை உப்பாக்கியபோதும் ஜெகந்நாதன்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996இல் தீர்ப்பு வாங்கினார். இந்தக் கதையில் தீ இல்லை. வில்லங்கம் பார்ப்பது, வட்டி, தவணை, பத்திரப்பதிவு அலுவலகத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து கிடப்பது, இவ்வளவுதான். உச்சக்காட்சி தேடுகிற நாவலாசிரியனுக்கு இதில் ஒன்றும் அகப்படாது. கோபாலை இங்கே கொண்டுவந்து விட்டால் அவனுக்கு மனு எழுதுகிற வேலை கிடைத்திருக்கும்.