சின்ன அணி, பெரிய அணி: பெயர் பார்க்காமல் ஒட்டும் ஆர் மொழி

புள்ளியியல் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரே நாளில் பலமுறை செய்யும் வேலை ஒன்று உண்டு: சின்னச் சின்ன அணிகளை ஒட்டிப் பெரிய அணி ஆக்குவது. பெருக்கல், நேர்மாறு பற்றியெல்லாம் பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசும். ஒட்டுவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒட்டுறதுல என்ன இருக்கு, பக்கத்துல வச்சா முடிஞ்சுதே என்கிற நினைப்புதான் காரணம். ஆனால் அந்த ஒட்டும் இடத்தில்தான் பல கணக்குகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகின்றன. ஆர் மொழி இந்த வேலையை எப்படிச் செய்கிறது, அதில் எனக்கு என்ன வழக்கு என்பதே இந்தப் பதிவு.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நம் பள்ளிப் புத்தகத்தில் மேட்ரிக்ஸ் என்றால் அணி. படுக்கைவாட்டில் இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல். கணினித் தமிழில் நிரல் என்றால் புரோகிராம். குழப்பம் வேண்டாம், இந்தப் பதிவில் நிரல் என்றால் செங்குத்து வரிசை மட்டுமே. புரோகிராமைப் புரோகிராம் என்றே சொல்கிறேன்.

ஆர் மொழி கொடுக்கும் கருவிகள் இரண்டு. 'சிபைண்ட்' என்பது அணிகளைப் பக்கவாட்டில் ஒட்டும். 'ஆர்பைண்ட்' ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டும். நான்கு துண்டுகளைச் சதுரமாக அடுக்க வேண்டுமா? மேல் இரண்டைச் சிபைண்ட் செய்து, கீழ் இரண்டைச் சிபைண்ட் செய்து, இரண்டையும் ஆர்பைண்ட் செய்ய வேண்டும். அவ்வளவுதான். இரண்டு முழு அணிகளைச் சிபைண்ட் செய்யும்போது நிரைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் உடனே பிழை காட்டி நிறுத்திவிடும். இதுவரை சரி.

சிக்கல் வெக்டர் வரும்போது தொடங்குகிறது. 12 நிரைகள் உள்ள ஓர் அணியோடு 4 எண்கள் மட்டுமே உள்ள வெக்டரை ஒட்டச் சொல்லிப் பாருங்கள். ஆர் மொழி அந்த 4 எண்களையே மூன்று முறை திரும்பப் போட்டு 12 ஆக்கி ஒட்டிவிடும். எச்சரிக்கை கிடையாது. 5 எண்கள் கொடுத்தால் 12-ல் மீதமின்றி அடங்காததால் ஓர் எச்சரிக்கை வரும், ஆனாலும் ஒட்டிவிடும். காலியான வெக்டர் கொடுத்தால்? அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நீங்கள் ஐந்து நிரல்கள் வரும் என்று நினைத்திருப்பீர்கள், நான்குதான் இருக்கும். நான்காவது நிரலை எண்ணால் கூப்பிட்டால் ஐந்தாவதாக இருக்க வேண்டியது வந்து நிற்கும். இது பக் இல்லை. எஸ் மொழியோடு ஒத்துப்போவதற்காக இப்படி வைத்திருக்கிறோம் என்று உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்த எஸ் மொழி 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் தொடங்கியது. ஆர் அதன் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரம்பித்தது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29-ல் வந்தது. எஸ் மொழியின் நோக்கம், ஒருவர் திரை முன் உட்கார்ந்து டேட்டாவைப் புரட்டிப் பார்ப்பது. ஒரு வரி அடிப்பார், விடையைக் கண்ணால் பார்ப்பார், அடுத்த வரி அடிப்பார். அப்படி வேலை செய்பவருக்கு இந்தத் தாராளம் வசதிதான். நிரல் முழுக்க 1 போட வேண்டுமா, ஒரே ஒரு 1 கொடுத்தால் போதும். ஆனால் இன்று அதே வரிகள் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் புரோகிராமுக்குள் இருக்கின்றன. விடையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு வசதியாக இருந்தது இன்றைக்கு ஆபத்தாகிவிட்டது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. அணியிலிருந்து சில நிரைகளை மட்டும் எடுத்தால் அணியாகவே வரும். ஆனால் எடுத்தது ஒரே ஒரு நிரை என்றால், ஆர் அதை வெக்டராக மாற்றிவிடும். 'டிராப்' என்ற தேர்வை அணைத்தால்தான் அணியாக நிற்கும். இரண்டு அணிகளில் ஒரே நோயாளிகளின் நிரைகளை எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 3 நிரல்கள். 20 நோயாளிகள் என்றால் 20 × 6 அணி கிடைக்கும். ஒரே நோயாளி என்றால் 1 × 6 தானே வர வேண்டும்? வருவது 3 × 2. இரண்டு வெக்டர்களும் நிமிர்ந்து நின்று நிரல்களாக ஒட்டிக்கொள்ளும். சோதித்துப் பார்க்கும்போது 20 பேரை வைத்துச் சோதித்திருப்பார்கள், எல்லாம் சரியாக ஓடியிருக்கும்.

இதையெல்லாம் பழகினவர்கள் சமாளித்துவிடுவார்கள். என் பெரிய வழக்கு பெயர்களைப் பற்றியது.

ஆர் மொழியில் அணியின் நிரைக்கும் நிரலுக்கும் பெயர் வைக்கலாம். நல்ல வசதி. இப்போது ஒரு பள்ளியின் காலாண்டு மார்க்குகள் ஓர் அணியில் இருக்கின்றன. நிரல்களின் பெயர் தமிழ், ஆங்கிலம், கணக்கு. அரையாண்டு மார்க்குகள் இன்னோர் அணியில். அங்கே வரிசை தமிழ், கணக்கு, ஆங்கிலம். இரண்டையும் ஆர்பைண்ட் செய்யுங்கள். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. முதல் அணியின் பெயர்களை எடுத்துத் தலையில் எழுதிவிட்டு, இரண்டாவது அணியை இருக்கிற இடத்திலேயே ஒட்டிவிடும். அரையாண்டு கணக்கு மார்க் ஆங்கிலத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். இரண்டுமே 100-க்குள் இருக்கும் எண்கள் என்பதால் பார்த்தாலும் தெரியாது.

இதே மார்க்குகள் அணியாக இல்லாமல் டேட்டா ஃப்ரேமாக இருந்திருந்தால்? அதே ஆர்பைண்ட், பெயரைப் பார்த்துச் சரியான நிரலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெயர் பொருந்தவில்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும். ஒரே கருவி, ஒரே எழுத்து, ஆனால் டேட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு நடத்தை. வழக்கு இங்கேதான் வலுக்கிறது. பெயர் பார்த்து ஒட்டத் தெரியாத மொழியாக இருந்தால் பரவாயில்லை, மன்னித்துவிடலாம். தெரிந்திருந்தும், பெயர் கையில் இருந்தும், அணி என்றால் பார்க்காமல் விடுகிறது.

இதனால் எவ்வளவு கெடும் என்பதற்கு உண்மையான ஒரு கணக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹென்டர்சன் கறவை மாட்டு இனப்பெருக்கத்துக்காக உருவாக்கிய சமன்பாடுகள் புள்ளியியலில் புகழ்பெற்றவை. எந்தக் காளையின் வாரிசுகள் அதிகப் பால் தரும் என்று மதிப்பிடுவதற்கானவை. அவற்றின் மையத்தில் இருப்பது நான்கு துண்டுகளால் ஆன பெரிய அணி. பண்ணை, பருவம் போன்றவை ஒரு மூலையில், விலங்குகள் எதிர்மூலையில், இரண்டையும் இணைக்கும் துண்டுகள் மற்ற இரண்டு மூலைகளில். விலங்குகளின் மூலையில் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கூட்ட வேண்டும்: யாருக்கு யார் எவ்வளவு உறவு என்று சொல்லும் உறவு அணியின் நேர்மாறு, ஓர் எண்ணால் பெருக்கப்பட்டு.

இந்தக் கூட்டலில் இரண்டு பக்கமும் விலங்குகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஆனால் இயல்பாகவே அப்படி இருக்காது. உறவு அணி வம்சாவளியிலிருந்து வருகிறது. அங்கே பெற்றோர் முன்னால், பிள்ளைகள் பின்னால் என்று அடுக்குவது வழக்கம். டேட்டாவிலிருந்து வரும் துண்டிலோ விலங்குகளின் அடையாளம் எழுத்தாக இருந்தால் ஆர் அகர வரிசையில் அடுக்கும். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. கூட்டினால் ஆர் அளவை மட்டும் பார்க்கும். பெயர்கள் வேறாக இருந்தாலும் முதல் அணியின் பெயரைப் போட்டுக்கொண்டு கூட்டிவிடும்.

அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனையிலும் இந்தத் தவறு பிடிபடாது என்பதுதான் கவலை. வரிசை கலைந்த உறவு அணியும் சமச்சீரான அணியே. அதற்கும் நேர்மாறு உண்டு. சமன்பாடு தீர்ந்து ஒவ்வொரு காளைக்கும் ஒரு மதிப்பெண் வரும். ஆனால் கணக்கு ஒரு காளையின் சொந்தங்களை இன்னொரு காளையின் சொந்தங்களாக எடுத்துக்கொண்டிருக்கும். எந்தக் காளையை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒருவர் முடிவெடுப்பார்.

மற்ற மொழிகள் என்ன செய்கின்றன? மேட்லேபில் சதுர அடைப்புக்குள் துண்டுகளை அப்படியே அடுக்கி எழுதலாம், காகிதத்தில் எழுதுகிற மாதிரி. ஒரு முற்றுப்புள்ளி-காற்புள்ளி போட்டால் அடுத்த நிரை. ஜூலியாவும் அதே வழி. அளவு பொருந்தாவிட்டால் இரண்டுமே பிழை காட்டி நிற்கும், திரும்பப் போட்டு நிரப்பும் வேலை இல்லை. பைத்தானின் நம்பையில் 'பிளாக்' என்ற கருவி 2017-ல் 1.13 பதிப்பில் வந்தது. கூட்டும்போது அளவை நீட்டிக்கொள்ளும் நம்பை, ஒட்டும்போது நீட்டுவதில்லை. ஒட்டுவது வேறு வேலை, அதற்குக் கண்டிப்பு வேண்டும் என்று பிரித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த மூன்றின் சாதாரண அணிகளிலும் பெயர் கிடையாது. பெயர் பார்த்து ஒட்ட வேண்டும் என்றால் பைத்தானில் பாண்டாஸுக்குப் போக வேண்டும். அது பெயர் பொருந்தாத இடத்தில் காலியிடம் விட்டு ஒட்டும். அதற்கும் ஒரு தொல்லை உண்டு: ஒரு எழுத்துப் பிழை இருந்தால் நிரைகள் பெருகி, பாதி காலியாக நிற்கும். ஆனால் காலியிடம் கண்ணில் படும். ஆர் ஒட்டிய தவறு படாது. இரண்டு தொல்லைகளில் எனக்குப் பாண்டாஸின் தொல்லையே மேல்.

ஆர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் பெயரை ஒப்பிட்டால் வேகம் குறையும், பழைய புரோகிராம்கள் உடையும் என்பார்கள். இரண்டாவது உண்மை. முதலாவது அவ்வளவு வலுவானதாகத் தெரியவில்லை. உண்மையில் நேரத்தைத் தின்பது வேறு பழக்கம்: சுழற்சிக்குள் ஒவ்வொரு நிரையாக ஆர்பைண்ட் செய்து அணியை வளர்ப்பது. ஒவ்வொரு முறையும் அதுவரை உள்ள எல்லா நிரைகளும் புது இடத்துக்கு நகலெடுக்கப்படும். 10,000 நிரைகளை இப்படிச் சேர்த்தால் ஏறக்குறைய 5 கோடி நிரை நகல்கள். பேட்ரிக் பர்ன்ஸ் தன் 'ஆர் இன்ஃபெர்னோ' நூலில் இதற்கென்றே நரகத்தில் ஒரு வட்டம் ஒதுக்கியிருக்கிறார். துண்டுகளை ஒரு லிஸ்டில் சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரே தடவை ஒட்டினால் இந்தச் செலவு போய்விடும். ஒரே தடவை ஒட்டும்போது பெயர்களை ஒருமுறை ஒப்பிடுவது பெரிய பாரமா என்ன?

பெரிய அணியைக் கட்டத்தான் வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். 1,000 குழுக்கள், குழுவுக்கு ஒரு 3 × 3 துண்டு, எல்லாம் மூலைவிட்டத்தில். முழு அணியாகக் கட்டினால் 3,000 × 3,000, அதாவது 90 லட்சம் எண்கள், 72 எம்பி. அதில் பூஜ்யம் அல்லாதவை அதிகபட்சம் 9,000. ஆர் மொழியின் 'மேட்ரிக்ஸ்' பேக்கேஜில் உள்ள 'பிடியாக்' பூஜ்யங்களைச் சேமிக்காமல் இதைக் கட்டித்தரும். சின்னத் துண்டுகள் ஏராளமாக இருந்தால் அது மெதுவாகும் என்று அதன் உதவிப் பக்கமே ஒப்புக்கொண்டு, எடுத்துக்காட்டுப் பகுதியில் வேகமான மாற்று ஒன்றையும் கொடுக்கிறது. இந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

குரோனெக்கர் பெருக்கம் இன்னும் ஒரு படி மேல். 100 இடங்களின் உறவை ஓர் அணியும், 50 மாதங்களின் உறவை இன்னோர் அணியும் சொன்னால், இரண்டின் குரோனெக்கர் பெருக்கம் 5,000 × 5,000, 2.5 கோடி எண்கள், 200 எம்பி. ஆனால் அதன் நேர்மாறு, இரண்டு சின்ன நேர்மாறுகளின் குரோனெக்கர் பெருக்கமே. 12,500 எண்களை வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம். இங்கேயும் வரிசை முக்கியம்: இடத்தை முதலில் போட்டாலும் மாதத்தை முதலில் போட்டாலும் அளவு அதே 5,000 தான், அணி மட்டும் வேறு. ஆர் மொழியின் குரோனெக்கர் கருவியில் பெயர்களை உருவாக்கும் தேர்வு இருக்கிறது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் செய்யும். கேட்காவிட்டால் பெயரில்லாத அணிதான் கிடைக்கும்.

ஆர் மாறும் என்று காத்திருக்க வேண்டாம். ஒட்டுவதற்கோ கூட்டுவதற்கோ முன், இரண்டாவது அணியை முதல் அணியின் பெயர்களைக் கொண்டே அடுக்கிக்கொள்ளுங்கள். பெயர் இல்லையென்றால் ஆர் அந்த இடத்திலேயே பிழை காட்டும். அடுக்கும் முன் இரண்டிலும் எண்ணிக்கை சமமா, பெயர்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நிரை மட்டும் வரக்கூடிய இடத்தில் டிராப்பை அணைத்துவிடுங்கள். நாலைந்து வரியில் ஒரு ஃபங்ஷனாக எழுதிவைத்துக்கொண்டு, நேரடியாக ஆர்பைண்டைக் கூப்பிடுவதை விட்டுவிடலாம். மொழி செய்திருக்க வேண்டிய வேலை இது. செய்யவில்லை, நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.